அறுபத்து மூன்று விநாடிகள்

அத்தியாயம் 14

வேதமாணிக்கத்தின் வீட்டுக்குச் சந்தோஷம் வந்து இன்னும் ஒரு நாள் முழுசாக ஆகவில்லை. அதற்குள் அவர் மனைவி சரசம்மா அதைத் திருவனந்தபுரத்து நேமம் முழுக்கக் கொண்டு சேர்த்துவிட்டாள்.

போன வாரம் நம்மோடு இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். மகன் அபின் உடற்பயிற்சிக் கிளப்பில் மூன்று வருஷமாக பி கிளாஸிலேயே நின்று கொண்டிருந்தவன். வெள்ளிக்கிழமை காலை கரமனை ஆற்றங்கரையில், பழைய ஓட்டுத் தொழிற்சாலைக் கொட்டகையில் நடந்த பரிசோதனையில் ஏ கிளாஸுக்கு ஏறிவிட்டான். பயிற்சியாளர் தளவாய் பெங்களூர்ப் போட்டிக்குப் போகிற நான்கு பேரின் பெயரை வாசித்தார். நாலாவது பெயர் அபின். ஏ கிளாஸ்காரனாகப் போய் வந்தால், பட்டம் என்ற இடத்தில் தளவாய் புதிதாகத் திறக்கும் கிளப்பில் அவனுக்குப் பயிற்சியாளர் வேலை. இருபத்தாறு வயதில் முதல் வேலை.

என்ன போட்டி என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரி டயரைப் புரட்ட வேண்டும், மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும், கயிற்றில் ஏறி இறங்க வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில், நடுவில் உட்காராமல். பட்டாளத்தில் இருபது வருஷம் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்த தளவாய் இதை ஃபங்ஷனல் ட்ரெய்னிங் என்பார். தம்பானூர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற வேதமாணிக்கத்துக்கு இதில் எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு.

"யூனியன்காரன் கண்டா நோக்குகூலி கேப்பான் லேய். சுமக்கியது நீ, பாத்துட்டு நிக்கியதுக்குக் கூலி அவனுக்கு" என்று மகனிடம் சொல்லுவார்.

நேற்று மட்டும் சொல்லவில்லை. போனை எடுத்து இரண்டு பழைய சிநேகிதர்களிடம் மகன் ஜெயித்ததைச் சொன்னார்.

ஐந்தாவதாக நின்று, வாசிக்கப்படாமல் போன பெயர் சிபி. இந்த வீட்டின் சங்கடம் அதுதான். கேபிள் டி.வி. ஆபீசில் வேலை பார்க்கும் சிபிக்கும் இந்த வீட்டு மூத்த மகள் ஷீஜாவுக்கும் நிச்சயம் பேச, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையாகப் போகிறவரை மச்சினனாகப் போகிறவன் முந்திவிட்டான். சிபி அதற்கு முகம் சுளிக்கவில்லை, அபினைக் கட்டிப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனான். சரசம்மாவுக்கு அதிலும் ஒரு பெருமை.

அந்தப் பரிசோதனையை நடத்தியதே ஷீஜாதான். அவள் ஆராய்ச்சி மாணவி. சி, பி, ஏ என்ற மூன்று நிலைகளில் இருப்பவர்களின் உடம்பு எதில் எதில் வேறுபடுகிறது என்பதுதான் அவள் எழுதும் ஆய்வு. மாசத்துக்கு ஒரு முறை கொட்டகையில் எல்லாரையும் அளப்பாள். அந்த அளவை வைத்துத்தான் தளவாய் கிளாஸ் பிரிப்பார். தம்பியை அக்காவே அளக்கலாமா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஷீஜா அளந்தால் அரை சென்டிமீட்டர் பிசகாது என்று எல்லாருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

சனிக்கிழமை காலை, தோசைக்கல்லைக் கழுவி வைத்துவிட்டு வந்து ஷீஜா மேஜையில் தாள்களைப் பரப்பினாள்.

அவளுக்குப் பிடித்த வேலை இது. கொட்டகையில் வியர்வையும் சத்தமுமாக இருந்ததெல்லாம் இங்கே எண்களாக வந்து அமைதியாக உட்கார்ந்துவிடும். ஒரு வருஷத்து அளவுகளில் அவளுக்குச் சில விஷயங்கள் தெளிந்திருந்தன. சி கிளாஸையும் பி கிளாஸையும் பிரிப்பது மூச்சு. பி-யிலிருந்து ஏ-க்குப் போக மூச்சு மட்டும் போதாது, மூச்சு இரைக்கிற நேரத்திலும் கயிற்றை விடாத கை வேண்டும், கைப்பிடியில் பலமும் தாண்டுகிற காலில் தெறிப்பும் வேண்டும். அபினுக்கு அவை முன்பே இருந்தன, குறைந்தது மூச்சுதான். குனிந்து கால்விரலைத் தொடுவதில் மட்டும் மூன்று கிளாஸும் ஒன்றுதான். அந்த ஒன்றில், தினமும் முற்றம் பெருக்குகிற தன் அம்மா எல்லாரையும் தோற்கடித்துவிடுவாள் என்று ஷீஜா நினைத்திருக்கிறாள். ஆய்வில் எழுதவில்லை.

பீப் ஓட்டத்தின் கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

பீப் ஓட்டம் என்பது இதுதான். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட் ஓடும். பீப் என்று கேட்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். லெவலுக்கு லெவல் பீப் நெருங்கி வரும். தொட முடியாதவன் வெளியே வந்துவிட வேண்டும், எந்த லெவல் வரை தாங்கினானோ அதுதான் அவன் மதிப்பு. பதினாறு பேரை எட்டு எட்டாகப் பிரித்து இரண்டு தடவையாக ஓடவிட்டிருந்தாள். சிபி முதல் எட்டில், அபின் இரண்டாவது எட்டில்.

போன மாசம் அபின் ஒன்பதாவது லெவலில் நின்றவன். நேற்று பத்தைத் தாண்டியிருந்தான். சரி, விடிகாலையில் எழுந்து ஓடுகிற பையன். அவனோடு ஓடிய அழகியநம்பி எட்டிலிருந்து ஒன்பது. அவனுக்கு அடுத்தவன் ஏழிலிருந்து எட்டு. அதற்கு அடுத்தவனும் ஒரு லெவல் கூட. விரலை வைத்துக் கீழே இறங்கினாள். இரண்டாவது எட்டில் எட்டுப் பேரும் கூடியிருந்தார்கள். முதல் எட்டில் ஒருவர்கூட ஏறவில்லை.

ஒரு மாசத்தில் ஒருவன் ஏறலாம், இரண்டு பேர் ஏறலாம். எட்டுப் பேர் சொல்லிவைத்த மாதிரி ஏற மாட்டார்கள். அதுவும் கைப்பிடி, தாண்டல், கயிறு எல்லாம் போன மாசத்து இடத்திலேயே நிற்கும்போது.

ஷீஜா எழுந்து போய் டேப் ரிக்கார்டரை எடுத்து வந்தாள்.

கேசட்டின் தொடக்கத்தில், சரியாக ஒரு நிமிஷம் தள்ளி இரண்டு பீப் வரும். டேப் ஒழுங்கான வேகத்தில் ஓடுகிறதா என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பதற்காகவே அதைப் பதிந்திருப்பார்கள். முதல் எட்டுக்கு முன்னால் அவள் பார்த்தாள். அறுபது விநாடி, பிசகில்லை. அதற்குப் பிறகு கரண்ட் போயிற்று. வியாழக்கிழமைதான் புதிதாக நாலு பேட்டரி வாங்கிப் போட்டிருந்தாள், அந்தத் தைரியத்தில் அப்படியே ஓடவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில், குனிந்து நின்று பையன்களின் பனியனில் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது முதலில் கரண்டில் போட்டுப் பார்த்தாள். அறுபது. ஒயரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் போட்டாள். அறுபத்து மூன்று. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அறுபத்து மூன்று. டேப் மெதுவாக ஓடி, ஒவ்வொரு பீப்பும் பிந்தி வந்து, இரண்டாவது எட்டுக்கு நேரம் கூடக் கிடைத்திருக்கிறது.

பின்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்தவை அவள் வாங்கிய பேட்டரிகள் அல்ல. ஒன்றின் அடியில் துருகூடப் பிடித்திருந்தது.

"அப்பா, இதில பேட்டரி மாத்தினியளா?"

வேதமாணிக்கம் பேப்பரை இறக்கவில்லை. "டார்ச்சுக்கு எடுத்தேன் மக்களே. வியாழக்கிழமை கரண்டு போச்சில்லா. சும்மா எடுக்கல்ல கேட்டியா, டார்ச்சில கெடந்தத அதில போட்டிருக்கேன். ஒண்ணு எடுத்தா ஒண்ணு போடணும். அது டிப்போ பழக்கம்."

முப்பது வருஷத்துப் பழக்கம். ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொரு வண்டியை ஓட்டிவிடுவதும், கழற்றிய இடத்தைக் காலியாக விடாமல் எதையாவது மாட்டி வைப்பதும். காலியாக விட்டிருந்தால் டேப் ஓடியே இருக்காது. ஷீஜாவுக்கு அப்பாவிடம் கோபித்துக்கொள்ளத் தோன்றவில்லை. பார்த்திருக்க வேண்டியவள் அவள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

அடுக்களையில் சரசம்மா முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு வருகிறவர்களுக்கும் ஆயிற்று, மகன் ஜெயித்ததற்கும் ஆயிற்று. ஷீஜா சொன்னதை எல்லாம் எண்ணெயைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எட்டுப் பேருக்கும் கூடியிருக்குல்லா? ஒனக்க தம்பிக்கு மட்டும் இல்லியே."

"முதல்ல ஓடின எட்டுப் பேருக்குக் கூடலியே அம்மா."

"ஒரு நிமிட்டில மூணு செகண்டு. அத ஆரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

சரசம்மா அடுப்பைக் குறைத்தாள். "செரி. நீ சொன்னா அந்த இடம் ஆருக்குக் கிட்டும்?"

ஷீஜா தட்டில் இருந்த முந்திரிக்கொத்தை நகர்த்தி வைத்தாள்.

"சொல்லு மக்களே. சிபிக்கு. இல்லியா? நாளைக்கு அவன் வீட்டு ஆளுவ வாறாவ. இன்னைக்கு நீ தம்பிக்க பேர வெட்டிட்டு அவன் பேர எழுதப் போற. ஊரு என்ன சொல்லும்? ஊர விடு. அபின் என்ன நெனப்பான்?"

இதைத்தான் காலையிலிருந்து ஷீஜா தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நாளைக்கு ஆராதனையில அவனுக்க பேர வாசிக்கதுக்குப் போதகர்கிட்ட சீட்டு குடுத்தாச்சு" என்றாள் சரசம்மா, மெதுவாக. "மூணு வருஷமா எல்லா வீட்டுப் பிள்ளையளுக்க பேரும் வாசிச்சு நான் கேட்டேன். வேல கிட்டினவன், கல்ஃபுக்குப் போனவன். ஒரு தடவ எனக்க பிள்ளைக்க பேரக் கேக்கணும்னு இருந்துது. அவ்வளவுதான்."

சரசம்மாவின் கண் கலங்கியிருந்தது. எண்ணெய்ப் புகை என்று அவள் சொல்லவில்லை, ஷீஜாவும் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு, "நான் முதல்ல அபின்கிட்ட சொல்லுகேன் அம்மா. சாருகிட்ட பிறகு" என்றாள்.

"சொல்லாம இருக்கப்பிடாதா?"

"இருந்தா, அவன் பெங்களூர்ல போய் ஏ கிளாஸ்காரங்க கூட ஓடுகப்போ எனக்குத் தெரியும், அவன் எங்க நிப்பான்னு."

சரசம்மா அடுப்பைக் கூட்டினாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அபின் சர்ச்சில் இருந்தான். சனிக்கிழமைகளில் கொயர் பயிற்சி. அவனுடையது தாழ்ந்த கனத்த குரல், கீபோர்டும் அவன் பொறுப்பு. மற்றவர்கள் வர இன்னும் அரை மணி இருந்தது. தனியாக உட்கார்ந்து கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஷீஜா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். கரண்ட் போனது, அப்பா பேட்டரி மாற்றியது, அறுபத்து மூன்று விநாடி.

"தப்பு எனக்க. ரெண்டாவது தடவ நான் நோக்காம விட்டுட்டேன். ஒனக்கு வெப்ராளமா, சங்கடமா இருக்கும், தெரியும். சிபிக்கு வேண்டின்னு நீ நெனச்சா..."

அபின் துணியை மடித்து வைத்தான். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினான்.

"முதல் எட்டு பேரு ஓடினப்போ பீப் இது."

அதற்கு இடப்பக்கத்துக் கட்டையை அழுத்தினான். "நாங்க ஓடினப்போ இது."

ஷீஜாவுக்குச் சங்கீதம் கிடையாது. ஆனாலும் இரண்டாவது சத்தம் ஒரு படி இறங்கி இருந்தது அவளுக்கே கேட்டது. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பவே தெரியுமா?"

"ரெண்டாவது பீப்பிலேயே. டேப் மெதுவா ஓடினா சத்தம் எறங்கும் அக்கா. கொயர்ல இருக்க ஆருக்கும் தெரியும்."

"பின்னே ஏன் சொல்லல்ல?"

அவன் வாசலில் யாராவது வருகிறார்களா என்று ஒரு தடவை பார்த்தான்.

"எட்டாவது லெவல் வரைக்கும், இப்ப கையத் தூக்கணும், இப்ப தூக்கணும்னு நெனச்சிட்டே ஓடினேன். ஒன்பது தாண்டினப்போ நெனப்பு நின்னுது. பத்துன்னு கேட்ட பிறகு, சொல்லாம இருக்கதுக்குக் காரணம் தேட ஆரம்பிச்சேன். வீட்டுக்கு வந்தா அப்பா போன்ல ஆருகிட்டயோ சொல்லிட்டிருக்காரு, எனக்க மகன் ஜெயிச்சிட்டான்னு. அப்பா என்னப்பத்தி போன் பண்ணிச் சொல்லி நான் கேட்டதே இல்ல அக்கா."

ஷீஜாவுக்குக் கோபம் வந்தது. நேற்று அவன் ஒரு கையைத் தூக்கியிருந்தால், இன்று இவ்வளவும் இல்லை. ஆனால் கோபத்தைவிட அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று வருஷம் பி கிளாஸில் நின்றவனுக்கு மூன்று விநாடி எவ்வளவு பெரிசு என்று அவளுக்குத் தெரியும். அவனை அளந்தவள் அவள்.

"போனைத் தா" என்றான் அபின்.

"நான் பேசுகேன். தப்பு எனக்கதுதானே."

"ஒனக்கத நீ பிறகு சொல்லு. எனக்கத நான் சொல்லணும்."

ஷீஜாவின் செல்போனிலிருந்து தளவாயைக் கூப்பிட்டான். எழுந்து நின்று பேசினான். டேப் மெதுவாக ஓடியதைச் சொன்னான். "எனக்கு அப்பவே தெரியும் சார்" என்பதையும் சொன்னான். தளவாயின் குரல் ஷீஜாவுக்குக் கேட்கும் அளவுக்கு வந்தது.

"நாளைக் காலை ஆறு மணி. உன் எட்டுப் பேரும் வரணும், சிபியும் வந்து அதே டேப்ல உங்களோட ஓடணும். அக்காகிட்ட சொல்லு, அந்த ஒரு நிமிஷத்தை இந்தத் தடவை எல்லார் முன்னாலயும் அளக்கணும்."

"ஒன்பது மணிக்கு ஆராதனை சார்."

"அதுக்குள்ள முடிஞ்சிரும். யார் பேரை வாசிக்கணும்னு அப்போ தெரிஞ்சிரும்."

அபின் போனைத் திருப்பிக் கொடுத்தான். முகத்தில் நேற்று இருந்த வெளிச்சம் இல்லை. ஆனால் நேற்று அவன் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை என்பது ஷீஜாவுக்கு இப்போதுதான் உறைத்தது. இப்போது பார்க்கிறான்.

"ஒனக்குத் தெரியும்ங்கறத சொல்லாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"பாதிய மறைச்சு வெச்சிட்டு இங்க நின்னு எப்படிப் பாட?" என்றான் அவன். கொயர் ஆட்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது.

வீட்டில் விளக்குப் போட்ட நேரம். விஷயம் கேட்ட வேதமாணிக்கம், டார்ச்சைத் திறந்து நாலு பேட்டரியையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். "நான் அறியாம செய்தது மக்களே" என்றார். பிறகு முற்றத்தில் ஓட்டத்துக்கான ஷூவைக் கழுவிக்கொண்டிருந்த மகனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நோக்குகூலிப் பேச்சு இன்றைக்கும் வரவில்லை. "காலையில நானும் வாறேன். அஞ்சரைக்கு வண்டி கிட்டுமா?" என்றார்.

ஷீஜா நேற்றைய தாளை எடுத்தாள். இரண்டாவது எட்டின் கட்டத்தைக் கோடு போட்டு ரத்து செய்ய வேண்டும். இரண்டாவது எட்டு ஓடும்போது ஒவ்வொருவரின் லெவலைக் குறிப்பதற்கு அவளுக்கு உதவியாக நின்றவன் சிபிதான். முதல் எட்டில் ஓடி முடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவனே வந்து தாளையும் ஸ்டாப்வாட்சையும் வாங்கிக்கொண்டான்.

தாளைத் திருப்பியபோது டியூப்லைட் வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. பின்பக்கத்து மூலையில் பென்சிலால் எழுதி, ரப்பரால் அழித்த ஒரு தடம். சாய்த்துப் பிடித்தாள். ஆறு தெரிந்தது. பக்கத்தில் ஒரு மூன்று, தலை தட்டையான மூன்று. அப்படி மூன்று போடுகிறவன் கொட்டகையில் ஒருவன்தான்.

அறுபத்து மூன்று.

ஷீஜா அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அபினுக்குத் தெரிந்திருக்கிறது. சிபிக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்க வேண்டிய ஒருத்திக்கு மட்டும்தான் தெரியாமல் போயிற்று.

போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"தளவாய் சார் போன்ல விளிச்சாரு" என்றான் சிபி. "நான் நாளைக்கு ஓட வரல்ல ஷீஜா. கால் வலின்னு சாருகிட்ட சொல்லியாச்சு."

"தாளுக்க பின்பக்கம் பாத்தேன்."

ஷீஜா தாளை மறுபடியும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"எப்ப அளந்திய?"

"எல்லாரும் ஓடி முடிஞ்சு, சார் பேர் வாசிக்கப் போனப்போ. சும்மா ஒரு சந்தேகம். திருப்பிப் போட்டுப் பாத்தேன். எழுதினேன். பிறகு அபினுக்க முகத்தப் பாத்தேன். எனக்கு வேல இருக்கு ஷீஜா. அவனுக்கு இல்ல. நீயும் வெஷமிப்ப, வருத்தப்படுவேன்னு நெனச்சேன்."

நல்லவன்தான். இதைக் கேட்டு எந்தப் பெண்ணுக்கும் மனம் இளகும், ஷீஜாவுக்கும் ஒரு கணம் இளகியது. அதற்கு அடுத்த கணம் அது வலித்தது. தன் ஒரு வருஷத்து எண்களில் ஒன்று பொய் என்று தெரிந்தும், அவளிடம் சொல்லாமல் ரப்பரை எடுத்திருக்கிறான். அன்பாகத்தான் எடுத்திருக்கிறான். அதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா?

"பஸ்ஸில எழும்பிக் குடுக்க இது சீட்டு இல்ல" என்றாள். குரல் உயரவில்லை. "அபின் சாருகிட்ட எல்லாம் சொல்லியாச்சு. நாளைக்கு அவன் ஓடுகான், தோத்தாலும் ஓடுகான். ஒங்களுக்குக் கால் வலிக்கலன்னு எனக்குத் தெரியும்."

"ஷீஜா..."

"ஆறு மணிக்கு வந்து முழுசா ஓடுங்க. இல்லேன்னா, சாயங்காலம் வீட்டு ஆளுவளக் கூட்டிட்டு வரண்டாம்."

அடுக்களை வாசலில் சரசம்மா தட்டோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தட்டில் முந்திரிக்கொத்து அடுக்கி இருந்தது.

மறுமுனையில் சிபி இன்னும் போனை வைக்கவில்லை.